ஒரு முழம்

டொக்.

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. மலையிறங்கி வந்த சாமிநாதன் வீட்டுக்குள் கால் வைத்ததுமே, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. பந்து உருண்டு போய்ப் பித்தளைச் சொம்புக்குள் விழுகிற சத்தம்.

அது அண்ணன் கங்காதரனின் வீடு. விளக்கு வைக்கும் நேரமானால் சொம்பைப் படுக்கவைத்து அவன் அப்படித்தான் ஆடிப் பழகுவான். ஆனால் அவன் செத்து மூன்று மாதமாகிறது.

"கேட்டியா?" என்றான் சாமிநாதன், மனைவி கன்னியம்மாளிடம்.

"தெனமும்தான் கேக்குது. தேவகி அக்காவக் கேட்டா, எனக்கு ஒண்ணும் கேக்கலியேன்றாங்க. மந்திரிச்சி ஒரு கயிறு கட்டிக்கோய்யா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு மூன்று மாதமாகத் தூங்கவே விடவில்லை. அண்ணன் ஏன் வருகிறான் என்பது இவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கங்காதரன் பட்டணத்தில் துரைமார்களின் கோல்ஃப் மட்டைப் பையைச் சுமக்கப் போய், பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றவன். தன் பெயரை எழுதத் தெரியாது. கிளப்பிலிருந்து கடுதாசி வந்தால் மிஷன் பள்ளியில் படித்த மனைவி தேவகிதான் படித்துச் சொல்லவேண்டும். ஆனால் மட்டையைக் கையில் எடுத்தானானால் துரைகளே வாயைப் பிளப்பார்கள். காசுக்கு ஆடுகிறவர்களுக்கென்று போன தை மாதம் நடந்த பெரிய போட்டிக்கு அவனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அப்போது சாமிநாதனின் மகள் அம்முவுக்குக் கால் எலும்பில் சீழ். யுத்தத்துக்குப் பிறகு வந்திருக்கிற புது ஊசியைப் போடவேண்டும், இல்லாவிட்டால் காலை எடுக்கவேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊசி விலையோ யானை விலை. அண்ணன் கப்பு ஜெயித்தாலும் அதோடு கொடுக்கிற காசு கால்வாசிக்குக்கூடக் காணாது.

சாமிநாதன் கன்னியம்மாளின் சங்கிலியை விற்றுக்கொண்டு, அரக்கோணத்தில் பந்தயச் சீட்டு எழுதுகிறவனிடம் போனான். கப்பு பேட்டர்சன் துரைக்குத்தான் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். பாசம் வேறு, பந்தயம் வேறு. துரை பேரிலேயே கட்டிவிட்டான்.

"யாரு மேலடா கட்டின?" என்று அண்ணன் கேட்டபோது நாக்கு கூசாமல் வந்தது பொய்.

"உம்மேலதான் அண்ணா. வேற யாரு மேல கட்டுவேன்?"

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு, சாமிநாதனின் கல்யாணக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் கங்காதரன் பெண்டாட்டியோடு ரயிலேறினான். வண்டி நகர்ந்த பிறகுதான் பந்தயச் சீட்டு அந்தக் கோட்டுப் பையிலேயே இருப்பது சாமிநாதனுக்கு உறைத்தது. நல்லவேளை, அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கடைசி நாள் ஆட்டத்துக்கு இவனும் போய்க் கூட்டத்தில் நின்றான். துரை ஆடி முடித்துவிட்டார். கடைசிக் குழிக்கு ஒரு முழத்தில் கிடந்தது கங்காதரனின் பந்து. ஒரே தட்டில் போட்டால் கப்பு, இரண்டு தட்டில் போட்டால் சரிசமம். 'முருகா, அது உள்ள போவக் கூடாது. மொட்ட போடறேன்' என்று சாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

கங்காதரன் தட்டினான். பந்து குழியைத் தாண்டி ஓடியது. மறுபடி தட்டினான், மறுபடியும் தாண்டியது. கப்பு துரைக்குப் போனது. கங்காதரன் தலைநிமிர்ந்து கூட்டத்துக்குள் தம்பியைத் தேடிப்பிடித்துப் பார்த்தான். அந்தப் பார்வை சாமிநாதனை இன்னும் விடவில்லை.

பந்தயப் பணத்தில் ஊசி போட்டு அம்முவின் கால் பிழைத்தது. சித்திரையில் டைபாய்டு வந்து அண்ணன்தான் போய்ச் சேர்ந்தான். இன்று ஆடிக் கிருத்திகை. அத்தனை படியையும் அம்மு தன் காலாலேயே ஏறினாள், இவன் நேர்ந்த மொட்டையைப் போட்டுக்கொண்டான்.

டொக்.

இனிமேல் தாங்காது. சாமிநாதன் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தள்ளினான்.

உள்ளே அகல் விளக்கு. கையில் கங்காதரனின் மட்டையோடு நின்றிருந்தாள் தேவகி. ஒரு முழத்துக்கு அப்பால் பித்தளைச் சொம்பு படுத்திருந்தது.

"அண்ணி! நீங்களா? ஒண்ணும் கேக்கலன்னு சொன்னீங்களே!"

"மட்டையே பிடிக்கத் தெரியாதவ தம்பி நானு. மூணு மாசமா இந்த ஒரு முழத்துலதான் தட்டிக்கினு இருக்கேன்." அவள் குனிந்து பந்தை எடுத்தாள். "ஒரு வாட்டிகூட தப்பல."

சாமிநாதன் அவள் காலில் விழுந்தான்.

"நான் அண்ணன் மேல கட்டல அண்ணி. துரை மேல கட்டினேன். பந்து தப்பணும்னு வேண்டிக்கினேன், அந்த மொட்டதான் இது. எம்மேல கோவத்துல அண்ணந்தான் வந்து உருட்டிக்கினு இருக்குதுன்னு பயந்து செத்தேன்."

தேவகி கோபப்படவில்லை. பந்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் அம்மு திமுதிமுவென்று ஓடுவது கேட்டது.

"அண்ணனுக்கு எதுவும் தெரியாது அண்ணி. தெரியாமலே போய்ச் சேந்துடுச்சி," என்று விம்மினான் சாமிநாதன்.

தேவகி மட்டையைக் கீழே போட்டாள்.

"கோட்டுல இருந்த சீட்ட அவருக்குப் படிச்சிக் காட்டனதே நான்தான் தம்பி."