ரின்சினின் தம்பி

"அண்ணன் வெளியில ஜீப்புல உக்காந்திருக்காரு டாக்டரம்மா. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. அவரு காதுக்குப் போக வேணாம்."

வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து மூக்குப்பொடிச் சிமிழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். டாக்டர் நரன்தூயா மரியாதைக்கு முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் இது புதிதில்லை. கெட்ட செய்தி என்றால் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். நோயாளிக்குக் கிடைப்பது 'வயிற்றுப் புண்' என்ற பொய்யும் ஒரு பாட்டில் மருந்தும்தான்.

"நீங்க ரின்சினுக்கு என்ன வேணும்?"

"தம்பி. பேரு சோத்நோம். அர்ஹாங்காய்ல ரெண்டு பேரும் சேந்துதான் குதிரை மேய்க்கிறோம்."

நரன்தூயா, வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஸ்கேன் படத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இதுதான் உங்க அண்ணனோட ஈரல். இந்த ஓரத்துல ஒரு பொட்டு தெரியுதா?"

"ஆட்டு ஈரல்ல இந்த மாதிரி நீர்க்கட்டி எத்தனையோ பாத்திருக்கேன். அதுவா?"

"நீர்க்கட்டின்னா ஸ்கேனுக்குப் போடுற ஊசி மருந்து உள்ள போகாது. கடைசி வரைக்கும் கறுப்பாவே இருக்கும். இது, மருந்து ஏத்தினதும் எல்லாத்துக்கும் முன்னாடி உறிஞ்சிப் பளிச்சுனு வெளுத்துச்சு. சுத்தியிருக்கிற ஈரல் மெதுவா வெளுக்குறப்ப இது மட்டும் கறுத்துப்போச்சு. நல்ல ஈரல் இப்படி நடந்துக்காது."

"எங்க அண்ணன் கட்டியாச்சே. அவரும் விருந்துல முதல் ஆளா குடிச்சுட்டு முதல் ஆளா எழுந்து போயிடுவாரு."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"புத்துநோயா?"

"புத்துநோய்தான்."

நரன்தூயாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டாள்.

"மூணு சென்டிமீட்டர்தான். எங்கயும் பரவல. இப்பவே வெட்டி எடுத்தா பிழைச்சுக்குவாரு. ஆறு மாசம் தள்ளிப்போட்டா என்னால எதுவும் சொல்ல முடியாது."

"வலிக்குமா?"

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். வேற யாருக்கு?"

"மயக்க மருந்து குடுத்துத்தான் செய்வாங்க. அவரு சம்மதிக்கணுமே."

"அதுதான் நடக்காது. செத்தாலும் குதிரைங்களுக்கு நடுவுலதான் சாவேன், கத்திக்கு வயித்தக் காட்ட மாட்டேங்கிறாரு."

"அவ்வளவு கோழையா உங்க அண்ணன்?"

"கோழையெல்லாம் இல்ல." குரல் சட்டென்று ஏறியது. "கொஞ்சம் முரண்டு. அவ்வளவுதான்."

"முரட்டுக் குதிரைய அடக்குற ஆளுங்க நீங்க. கூடப் பிறந்தவரை அடக்க முடியலைன்னு சொல்றீங்க. அவரு பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் தாடையைச் சொறிந்தார். சிமிழைத் திறந்தார், பொடி போடாமலே மூடினார். பிறகு விருட்டென்று எழுந்தார்.

"திங்கக்கிழமை காலையில கொண்டுவந்து படுக்க வைக்கிறேன். வரலைன்னா கயித்தால கட்டித் தூக்கிட்டு வரேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுங்க பேனாவை."

எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கதவு சாத்திய பிறகு நரன்தூயா போனை எடுத்தாள்.

"துல்மா அக்கா, உங்க வீட்டுக்காரரு இப்பத்தான் போறாரு. நீங்க சொன்ன மாதிரியே இல்லாத தம்பி வேஷத்துல வந்தாரு. திங்கக்கிழமை 'அண்ணனை'க் கட்டித் தூக்கிட்டு வரேன்னு எழுதியும் குடுத்துட்டாரு."

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்ப கண்டிப்பா வந்துடுவாரு டாக்டர். முப்பது வருஷமா யாரு சொல்லியும் கேட்டதில்ல, அவரே சொன்னாத்தான் கேப்பாரு."