ஊசியால் கீறிய படம்

முன்வரிசையில் பளபளத்த அந்த வழுக்கைத் தலையை ரோஸ்வித்தா இருட்டில் குறிபார்த்தபடி நின்றாள். இன்றோடு அவர் கதை முடிந்தது.

“ஏ ரோஸி, படத்தை மட்டும் காட்டு. அந்தாளோட பேச்சு வச்சுக்காத,” என்று காதோரம் கெஞ்சினான் அவள் கணவன் ஹைனர். உருக்காலை வேலை போக, ஜெர்மனியின் டூயிஸ்பர்க் தொழிலாளர் படக் கழகத்தில் காலங்காலமாகப் புரொஜெக்டர் ஓட்டுபவன் அவன்தான். இன்றைக்கு அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளே சுருளை மாட்டியிருந்தாள்.

“நீ சும்மா கிட. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டவன் அவன்.”

வாலிபத்தில் அவள் ஃபிலிம் சுருளைக் கட்டம் கட்டமாக ஊசியால் கீறி எடுத்த படம். ஓரத்தில் கீறிய கோடுகளே ஓடும்போது இசையாகும். கதை கிடையாது, ஆள் கிடையாது; புள்ளியும் கோடும் தாளத்துக்கு ஆடும்.

முதல் காட்சியன்று சுருளை ஹைனரிடம் கொடுத்துவிட்டு, பயத்தில் அவள் உள்ளேயே போகவில்லை. ‘பிறந்த பிள்ளையைத் திரும்ப வயிற்றுக்குள் திணித்ததுபோல் இருக்கிறது’ என்று விமர்சகர் பிரிங்க்மான் பத்திரிகையில் எழுதினார். கூப்பிட இருந்த பெர்லின் ஸ்டுடியோ கையை விரித்தது. அதன்பின் ஆலை கேண்டீனில் உருளைக்கிழங்கு உரித்தே அவள் காலம் போனது.

இன்று அதே படம், வேறு பெயரில்.

கறுப்பில் ஒரு புள்ளி துடித்தது. கூடவே டக்கென்று ஒரு தட்டு. அப்புறம் சரம்சரமாய்த் தட்டு. கோடுகள் பிய்த்துக்கொண்டு கிளம்பி, கடைசியில் திரையே வெள்ளையாய் வெடித்தது.

முன்வரிசையில் பிரிங்க்மான் எழுந்து நின்று கைதட்டினார். கண்கூடக் கலங்கியிருந்தது. “யாரு எடுத்தது? இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல!”

“பார்த்திருக்கீங்க. இதே ஹால்ல. வயித்துக்குள்ள திணிக்கிறதுன்னு எழுதினீங்களே, அந்தப் படம்தான். நாலு பேர் முன்னாடி இப்ப சொல்லுங்க, யாருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு?”

பீர்க் குவளைகளோடு கூட்டம் திரும்பியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழவர் முகம் வெளுத்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

“இது இல்லம்மா அது. அது எடுத்த எடுப்புலயே வெடிச்சுது. அப்புறம் அடங்கி அடங்கி ஒரு புள்ளியா செத்துப்போச்சு. சத்தத்தைக்கூட யாரோ உள்ள உறிஞ்சின மாதிரி.”

ரோஸ்வித்தா சுருளைப் பார்த்தாள். சுருளை வால்பக்கமிருந்து பின்னோக்கி ஓட்டினால்தான் அப்படி வரும்.

மெல்லத் திரும்பினாள். “சுருளைத் திருப்பிச் சுத்தித் தலைப்பக்கமா மாட்ட அன்னைக்கு மறந்துட்டியா, ஹைனர்?”

ஹைனர் தரையைப் பார்த்தான்.

“படம் ஜெயிச்சிருந்தா நீ பெர்லினுக்குப் போயிருப்ப, ரோஸி.”