உள்ளே நிற்பது

“உள்ளுக்குள்ள யாரோ உட்கார்ந்திருக்காங்க டாக்டர். வர்ற பிள்ளையை விரட்டி விடறாங்க” என்றாள் மலர்க்கொடி.

டாக்டர் ஜீனத் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குறிசொல்லி இதையே சொன்னபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

பக்கத்தில் வீரமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கல்யாணமாகி ஐந்து வருஷம். ‘மலடி’ என்று அவன் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வயிறு குலுங்கக் கூடாதென்று எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஆட்டோவை மெதுவாக ஓட்டி வரச் சொன்னவன்.

“இது உறையூர்ல உங்க கர்ப்பப்பையில சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட். ஸ்கேன் பார்க்காமலே எடுத்திருக்காங்க” என்றார் டாக்டர். “கரு ஒட்ட வந்தா, ‘நம்ம பிள்ளைதான், விடு’ன்னு கர்ப்பப்பையோட உள்சவ்வு ஒரு ரசாயனத் தகவல் அனுப்பும். காவல் அணுக்கள் அடங்கிடும். உங்களுக்கு ராப்பகலா, ‘எவனோ புகுந்துட்டான், அடி’ன்னே தகவல் போய்க்கிட்டிருக்கு.”

“எவன் டாக்டர்?”

“அதைத்தான் பார்க்கணும். படுங்கம்மா.”

ஸ்கேன் திரையில் இருட்டுக் குகை. அதன் நடுவில் கைகளை இரு பக்கமும் விரித்தபடி வெள்ளையாக ஒன்று நின்றது.

“ஆளு மாதிரி இருக்கே மாமா!” மலர்க்கொடி வீரமலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆளில்ல. காப்பர்-டி. கரு தங்காம இருக்க வைக்கிறது. எப்ப வச்சீங்க?”

“சத்தியமா நான் வைக்கல!”

“எங்கயாவது மயக்க ஊசி போட்டாங்களா?”

யோசித்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி கொள்ளிடக்கரை செங்கல் சூளையில இருந்தேன். ரத்தசோகை கேம்ப்னு பொம்பளைங்க முப்பது பேரை லாரியில ஏத்திட்டுப் போனாங்க. ஊசி போட்டதுதான் தெரியும். முழிச்சா அடிவயித்துல வலி. சாயங்காலமே கல்லு சுமந்தோம்.”

டாக்டரின் முகம் கடுத்தது. “வேலை நேரத்துல எவளும் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. யாரு செஞ்ச வேலை இது?”

வீரமலை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தான்.

“ஒரு சீசனுக்குத்தான் தாங்கும், அப்புறம் தானா விழுந்துடும்னு சூளை முதலாளி சொன்னாரே டாக்டர்...”

மலர்க்கொடி கையை விட்டாள். சூளையில் அவனைக் கூப்பிட்ட பேர், ஐந்து வருஷம் கழித்து நாக்கில் வந்தது.

“மேஸ்திரி... அன்னைக்கு லாரிக்கு என் பேரையும் நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா?”