பீடத்தில் காலி இடம்

"பட்டாளத்துக்காரங்களுக்குச் சிங்கம் செதுக்கியே காலத்தை ஓட்டுற மனுஷன், சொந்தப் பிள்ளையைப் பட்டாளத்துல சேர்க்க மாட்டாராம்!" சிற்பியின் மனைவி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "நாப்பது வருஷமா சண்டையே இல்ல. என்ன பயம் உங்களுக்கு?"

சிற்பி சன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை மறந்துவிட்டார், பாவம்.

"பூங்காவுல இருக்கிற போர் நினைவுச் சின்னத்துக்கு இன்னும் ரெண்டு சிங்கம் கேட்டிருக்காங்க. பீடத்துல முன்னூறு பேரோட பேர் வெட்ட இடம் விடணுமாம்."

"செத்தவங்க பேரெல்லாம்தான் பழைய சிங்கத்துக்குக் கீழேயே இருக்கே?"

"இது இனிமே சாகப்போறவங்களுக்குடி."

அன்று ராத்திரி முழுக்க அந்த வீட்டில் பெட்டி கட்டும் சத்தம்தான் கேட்டது.

அடுத்த வாரமே மகன் கடல் தாண்டிப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். காதல் விவகாரம் என்று தெருவே சத்தியம் செய்தது. சிங்கங்களுக்கு ஆர்டர் கொடுத்த அதிகாரியின் இரண்டு மகன்களும் முந்தின மாதமே வெளிநாட்டுக்குக் கப்பலேறியிருந்தார்கள்.