முள்ளம்பன்றியின் கணக்கு

மலையடிவாரத்து முள்ளம்பன்றியிடம் ஒரு கணக்கு இருந்தது. உச்சியில் இடி இடித்தால், மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பாறைமேல் ஏற்றி முடிக்கும்வரை ஓடை வளைக்கு வந்து சேராது. இந்த முறை இரண்டாவதை ஏற்றும்போதே வெள்ளம் வளைக்குள் புகுந்துவிட்டது. கடைக்குட்டியைக் காதைக் கவ்வி இழுத்துப் போடுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

எங்கே கணக்கு தப்பியது என்று முள்ளம்பன்றிக்குப் பிடிபடவே இல்லை. மேகத்தைப் பார்த்துக் கத்தியது. "இன்னிக்கு அதிகமாக் கொட்டினியா?"

"எப்பவும் பெய்யறதுதான்," என்றது மேகம்.

உச்சிவரை ஏறிப் போய்ப் பனியோடு மல்லுக்கு நின்றது. "அப்போ நீதான் அவசரமா உருகினியா?"

"எனக்கென்ன அவசரம்? இன்னும் அப்படியேதானே கிடக்கேன்?"

கடைசியில் ஓடையையே பிடித்துக்கொண்டது. "ஏன்டி இவ்வளவு சீக்கிரம் வந்தே? என் பிள்ளை போயிருக்குமே!"

"நான் என்னக்கா பண்ணுவேன்? முன்னெல்லாம் சரிவு முழுக்க வேருங்க என்னைப் பிடிச்சு உட்கார வைக்கும். மெதுவாப் போகலாம்னு சொல்லிப் பாதித் தண்ணியைக் குடிச்சிடும். இப்ப வழிநெடுக ஒருத்தரும் இல்லை. நேரா வந்துட்டேன்."

வேர்களெல்லாம் எங்கே போயிருக்கும்? முள்ளம்பன்றி மொட்டைச் சரிவில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டது. யோசிக்க யோசிக்கப் பசித்தது. மிச்சமிருந்த ஒரே புதரைத் தோண்டி, அதன் வேரைக் கடித்தபடியே மேலும் யோசித்தது.