டெம்ப் என்றொரு ஃபோல்டர்

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் போட்டிருக்கிறது. கைலாசம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நகர்கிறான். பட்டுச்சேலைக்கு டிசைன் வரையும் மனைவி துர்காதேவி டீ டம்ளரோடு வந்து உட்காருவதற்குள் திரை திறந்துவிடுகிறது. “இன்னாங்க பண்ணீங்க? இவ்ளோ சீக்கிரம் வந்துடுச்சு!” என்று சிரிக்கிறாள். “போன்ல பாத்துக்கினே செஞ்சேன்மா. வேண்டாததெல்லாம் அழிச்சு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன். பாதி டிஸ்க் சும்மா இருக்குது பாரு.” அவள் விரல் மவுஸை உருட்டுகிறது, நிற்கிறது, மறுபடி உருட்டுகிறது. பக்கத்து அறையில் தறிச் சத்தம் சீராக விழுந்துகொண்டிருக்கிறது. “டெம்ப்னு ஒண்ணு இருந்துச்சே?” “டெம்ப்னா தற்காலிகமாம், அழிக்கலாம்னு போட்டிருந்துச்சு.” “டெம்பிள்ங்க. டெம்பிள் பார்டர் எல்லாம் அதுலதான் வெச்சிருந்தேன்.” ஆறு வருடமாகக் கச்சபேஸ்வரர் கோயில் தூண்களைப் பார்த்துப் பார்த்து அவள் கட்டம் கட்டமாக வரைந்தவை. கைலாசம் குனிந்து மவுஸை வாங்கி, காலியான ரீசைக்கிள் பின்னைத் திறந்து மூடி மறுபடி திறக்கிறான். அவன் பக்கம் திரும்பாமலே, “பரவால்லங்க, சீக்கிரம் தொறக்குதுல்ல” என்கிறாள். நேற்றுவரை இது திறப்பதற்குள் அவள் டீயைக் குடித்து முடித்திருப்பாள். இன்று டம்ளரில் இன்னும் ஆவி பறக்கிறது.