பலகையை மாட்டும் உயரம்

பனிச்சறுக்குக் காலம் முடிந்து, மலையில் ஆட்களை மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் நேற்றோடு நின்றுவிட்டது. ஏப்ரல் மாதத்து மதிய வெயில் கராஜுக்குள் பாதிவரை வந்து கிடக்கிறது. மாரென் இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கி, தன் கணவன் வெண்டலின் பனிச்சறுக்குப் பலகையில் தடவுகிறாள். வரப்போகும் கோடையில் அதன் இரும்பு விளிம்பு துருப்பிடிக்காமலிருக்க வருஷா வருஷம் அவனே செய்கிற வேலை இது. ஜனவரியில் சரிவில் விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"சூடு அதிகம். புகையுது பாரு."

"தெரியுது."

"பலகையை யாருக்காவது குடுத்துடலாம்னு சொன்னேனே."

"சொன்னே."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வடிவம் கெடாமலிருக்க அவனுடைய பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறாள்.

"நல்லா திணி. என் காலைவிட அது உருப்படியா இருக்கு."

இருவரும் சிரிக்கவில்லை. பலகையை மாட்டும் கொக்கி சுவரில் தலைக்கு மேலே இருக்கிறது. மாரென் ஏணியில் ஏறி அதைக் கழற்றுகிறாள். திருகாணி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. இறங்கி, பென்சிலை எடுத்துக்கொண்டு அவனருகே வருகிறாள்.

"சுவர்கிட்ட வந்து கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"உனக்கு எவ்வளவு உயரம் எட்டுதுன்னு பாக்கணும். கொக்கியை அங்கதான் அடிக்கப்போறேன்."

வெண்டல் மேலே அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்க்கிறான். பிறகு பிரேக்கை விடுவித்து, நாற்காலியைச் சுவரோரம் உருட்டிக்கொண்டு போய், கையைத் தூக்குகிறான்.